கோழியில்லாத சிக்கன் சாலட்: டோஃபுவில் முதன்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் ஆயத்த உணவு விற்கும் 'டெலி' கடைகளில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருகிற சிக்கன் சாலட்டை, கோழி, முட்டை, பால் எதுவுமில்லாமல் டோஃபுவை (சோயா பனீரை) வைத்து வீட்டில் செய்வது எப்படி என்பதுதான் இங்கே. சாலட் என்றதும் வெள்ளரிக்காயும் தக்காளியும் வட்டவட்டமாக அடுக்கிய தட்டை நினைக்க வேண்டாம். வெந்து ஆறிய கோழியைப் பிய்த்து, மயோனைஸில் பிசறி, செலரி, வெங்காயம், திராட்சை போட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்துச் சாப்பிடும் பண்டம் அது. காரம் கிடையாது. நிறமும் வெளிர்தான்.

இதைச் செய்து பார்த்து "சப்பென்று இருக்கிறது, சொதசொதவென்று இருக்கிறது" என்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் மசாலாவைக் குறை சொல்வார்கள். குற்றவாளி மசாலா அல்ல, தண்ணீர். டோஃபுவுக்குள் இருக்கும் தண்ணீர், கழுவிய காயில் ஒட்டியிருக்கும் தண்ணீர், உப்புப் பட்டதும் வெங்காயம் விடும் தண்ணீர். கீழே உள்ள படிகளில் பாதி, தண்ணீரை வெளியேற்றும் வேலை. அவற்றில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

அளவுகள் 4 பேருக்கு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி.

1. முதலில் நாள் குறியுங்கள்

கை வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காத்திருப்பதுதான் இரண்டு நாள். ஞாயிறு மதியம் பரிமாற வேண்டுமானால், வெள்ளி இரவு டோஃபுவை ஃப்ரீசரில் வையுங்கள். சனி காலை எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக விடுங்கள். சனி இரவு பிழிந்து, ஊறவைத்து, சுட்டு, மயோனைஸ் அடித்து, இரண்டையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்குக் காய் நறுக்கிக் கலந்தால், மதியத்துக்குள் உப்பும் புளிப்பும் சார்ந்துவிடும்.

"இன்று மாலை விருந்து, இப்போதுதான் டோஃபு வாங்கினேன்" என்றால் வேறு ஏதாவது செய்யுங்கள். உறையவைக்காத டோஃபுவை எத்தனை அழுத்திப் பிழிந்தாலும் பனீர் புர்ஜி போல உதிருமே தவிர நாராகப் பிரியாது.

2. எந்த டோஃபு

400 கிராம் வேண்டும். நம் கடைகளில் பெரும்பாலும் 200 கிராம் பாக்கெட்டாக வருவதால் இரண்டு. உறையில் 'ஃபர்ம்' அல்லது 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று இருக்க வேண்டும். 'சில்கன்' என்றிருப்பதை இதற்குத் தொடாதீர்கள். அது தயிர் மாதிரி. உறையவைத்தால் ஏடு ஏடாகப் பிரியும், கோழி நாராக ஆகாது.

பல கடைகளில் டோஃபுவுக்குப் பெயரே 'சோயா பனீர்'தான். வெறுமனே "பனீர்" என்று காதில் வாங்கிக்கொண்டு பால் பனீரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கையில் வாங்கியதும் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள்: சோயாபீன்ஸ், தண்ணீர், திரிய வைக்கும் உப்பு (மெக்னீசியம் குளோரைடு அல்லது கால்சியம் சல்பேட்) இவ்வளவுதான் இருக்க வேண்டும். மீல் மேக்கரும் சோயா சாப்பும் வேறு பொருட்கள். சாப்பில் கோதுமை மாவு கலந்திருக்கும். இந்தச் செய்முறைக்கு இரண்டுமே ஒத்துவராது.

பாக்கெட் உப்பியிருந்தால் வாங்காதீர்கள். திறந்ததும் புளித்த வாடை வந்தாலோ, மேல்பரப்பு வழவழவென்று இருந்தாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

3. லேபிளில் ஏமாறும் இடங்கள்

பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பச்சைப் புள்ளி சைவத்துக்கான குறி, வீகனுக்கானது (பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவுக்கானது) அல்ல. பாலும் தேனும் இருக்கும் பொருளுக்கும் அதே புள்ளிதான். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறையும் பச்சை நிற 'வி' முத்திரையும் கொண்டுவந்தது. அது இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் உட்பொருள் பட்டியலை வரி விடாமல் படியுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது 'எக்லெஸ்' மயோனைஸ்: முட்டை இருக்காது, ஆனால் பல தயாரிப்புகளில் பால் திடப்பொருள் இருக்கும். இரண்டாவது ரொட்டி: சாண்ட்விச் ரொட்டியிலும் பால் பவுடர் சேர்ப்பது உண்டு. மூன்றாவது, சாதத்துக்கும் நூடுல்ஸுக்கும் போடும் சூப் கட்டிகள்: 'வெஜ்' என்று போட்டிருந்தாலும் பால் பொருள் இருக்கலாம். வூஸ்டர் சாஸ் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அசல் வூஸ்டர் சாஸில் நெத்தலி வகை மீன் இருக்கிறது.

சோயா ஒவ்வாமை உள்ளவர் யாராவது சாப்பிட வருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதில் டோஃபு, சோயா பால், சோயா சாஸ் என மூன்று வடிவத்தில் சோயா இருக்கிறது. சோயா சாஸில் பொதுவாகக் கோதுமையும் உண்டு.

4. செலவு

முதல்முறை செய்யும்போது பில் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அதில் பெரும்பகுதி பாட்டில்களுக்குப் போகிறது: ந்யூட்ரிஷனல் ஈஸ்ட் (ருசிக்காகச் சேர்க்கும், உயிரற்ற ஈஸ்ட் செதில்), தைம் (ஒரு வாசனை இலை), வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, மஸ்டர்ட் சாஸ். இவை மாதக்கணக்கில் வரும். அடுத்தடுத்த முறை டோஃபு, சோயா பால், செலரி, திராட்சை, வால்நட் மட்டும்தான் வாங்க வேண்டியிருக்கும். செலவு முதல்முறையில் பாதியைத் தொடாது.

ந்யூட்ரிஷனல் ஈஸ்ட்தான் இருப்பதிலேயே விலை கூடியது. அதற்குப் பதிலாகப் பேக்கரி ஈஸ்டைப் போட்டுவிடாதீர்கள். அது உயிருள்ள ஈஸ்ட், கசக்கும், வயிற்றை உப்ப வைக்கும். ந்யூட்ரிஷனல் ஈஸ்ட் கிடைக்கவில்லை என்றால் உலர்ந்த காளானை மிக்ஸியில் பொடித்து 2 டீஸ்பூன் சேருங்கள். நிறம் சற்று மங்கும், ருசி குறையாது.

5. உறையவை, உருக்கு, பிழி

இந்தச் செய்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டோஃபுவின் தண்ணீரை வடித்து, 2 செ.மீ. கனத்துக்குப் பலகை பலகையாக வெட்டுங்கள். தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு முழு இரவு இருக்கட்டும். முழுக் கட்டியாகவே வைத்தால் உருக இரட்டிப்பு நேரம் ஆகும், நடுப்பகுதி கல்லாகவே நிற்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிப் படிகமாகும்போது விரிந்து, சோயாப் புரதத்தை நெருக்கித் தள்ளி, அடுக்கு அடுக்காக இறுக்குகிறது. உருகியதும் படிகம் இருந்த இடம் வெற்றுத் துளையாக நின்றுவிடும். கோழி போல நாராகப் பிரிவதும் சாற்றை உறிஞ்சுவதும் அந்தத் துளைகளால்தான்.

காலையில் பார்த்தால் டோஃபு மஞ்சளாக மாறியிருக்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உருகியதும் வெளுத்துவிடும்.

உருக்குவதை ஃபிரிட்ஜிலேயே செய்யுங்கள். அவசரமென்றால் கொதிக்கும் நீரை ஊற்றி 20 நிமிடம் மூடி வையுங்கள். சென்னை வெயிலில் சமையல் மேடையில் நாள் முழுக்க விட்டுவைப்பது மட்டும் கூடாது.

உருகிய பலகை ஒன்றை எடுத்து இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, மெதுவாக, சமமாக அழுத்துங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் உடைந்துவிடும். இளமஞ்சள் தண்ணீர் விரலிடுக்கில் வழியும். நின்றதும் பலகையைத் திருப்பி இன்னொரு தடவை அழுத்துங்கள். கடைசியில் கையில் இருப்பது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி இருக்க வேண்டும்: அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும், வெட்டுமுகத்தில் தேனடை போலச் சிறு துளைகள் தெரியும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். 400 கிராம் 300 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் சரி. 350க்கு மேல் இருந்தால் இன்னும் பிழிய வேண்டும்.

அவகாசம் இருந்தால் உருகியதை மறுபடி ஒருமுறை உறையவைத்து உருக்குங்கள். மெல்லும்போது இன்னும் உறுதியாக இருக்கும். ஒரே முறை செய்தாலும் தப்பில்லை.

6. கத்தியை ஓரம் வையுங்கள்

பிழிந்த டோஃபுவைக் கையால் பிய்க்க வேண்டும். சுண்டுவிரல் நீளம், அதில் பாதி அகலம். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பதே நல்லது. கத்தியால் நறுக்கிய சதுரத்தின் பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கும். மயோனைஸ் அதில் ஒட்டாமல் வழுக்கி அடியில் தேங்கும். பிய்த்த பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். தவிர, ஒரே அளவுச் சதுரங்களைப் பார்த்ததுமே கண் "இது டோஃபு" என்று சொல்லிவிடுகிறது.

7. ஊறவைக்கும் சாறு

அமெரிக்கச் சமையலில் கோழியோடு கோழியாகச் சேர்ந்தே வரும் மணம் தைமும் சேஜும். நாக்கு கோழி என்று நம்புவதில் பாதிப் பங்கு இந்த இலைகளுக்கு உண்டு. வேண்டியவை:

வெந்நீர் 150 மில்லி
லைட் சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன்
ந்யூட்ரிஷனல் ஈஸ்ட் 2 டேபிள்ஸ்பூன்
வெங்காயப் பொடி 1 டீஸ்பூன்
பூண்டுப் பொடி அரை டீஸ்பூன்
உலர்ந்த தைம் அரை டீஸ்பூன்
உலர்ந்த சேஜ் கால் டீஸ்பூன் (கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்)
வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்

எல்லாவற்றையும் கலக்கி, பிய்த்த டோஃபுவின் மேல் ஊற்றிப் புரட்டி 30 நிமிடம் வையுங்கள். ஸ்பாஞ்சு ஆகிவிட்டதால் பெரும்பாலும் 15 நிமிடத்திலேயே சாறு காணாமல் போயிருக்கும்.

சோயா சாஸ் பாட்டிலில் 'டார்க்' என்று இருந்தால் இதற்கு வேண்டாம். டோஃபு கறுத்து, சில்லி சிக்கன் நிறத்துக்குப் போய்விடும். தைமுக்குப் பதில் பீட்ஸாவோடு வரும் 'இத்தாலியன் சீசனிங்' பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் ஓரிகானோவும் பேசிலும் சேர்ந்து வீடு முழுக்க பீட்ஸா வாடைதான். பிரியாணி இலையும் அப்படியே. பட்டை வாசம் ஏறிக்கொள்ளும். பச்சைப் பூண்டு விழுது போட்டால் துவையல் வாடை வந்துவிடும், பொடியே சரி.

8. சுடுவது

ஓவன் உள்ளவர்கள்: 200 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 20 முதல் 25 நிமிடம். பாதியில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அகலமான நான்ஸ்டிக் தவாவில் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் 10, 12 நிமிடம் புரட்டினால் போதும். மூடி போடாதீர்கள், ஆவி திரும்ப உள்ளேயே இறங்கும்.

ஓரங்கள் வெளிர் பொன்னிறமாகி, நடுவில் அழுத்தினால் இன்னும் வளைய வேண்டும். அதுதான் எடுக்கும் பதம். மொறுமொறுப்பு வரட்டும் என்று விட்டால், ஆறியதும் ரப்பர்தான். சுட்டதை முழுக்க ஆறவிடுங்கள், பிறகு ஃபிரிட்ஜ். சூடான டோஃபுவில் மயோனைஸைச் சேர்த்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து பளபளவென்று வழியும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

9. மயோனைஸ்

கடையில் வீகன் மயோனைஸ் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வீட்டில் அடிப்பது பாதி விலையில் முடியும், ருசியும் ஒரு படி மேல்.

இனிப்பில்லாத சோயா பால் 80 மில்லி, வாசமில்லாத ரீஃபைண்டு எண்ணெய் (சூரியகாந்தி அல்லது தவிடு) 160 மில்லி, மஸ்டர்ட் சாஸ் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன். பாலும் எண்ணெயும் 1க்கு 2 என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சோயா பாலும் எண்ணெயும் ஒரே சூட்டில், அதாவது அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்த பாலில் எண்ணெய் சேர அடம்பிடிக்கும். மிக்ஸியின் சின்ன ஜாரில் பால், மஸ்டர்ட், உப்பு மூன்றையும் விட்டு 10 வினாடி ஓட்டுங்கள். பால் பிளேடை மூட வேண்டும். பெரிய ஜாரில் போட்டால் பிளேடு காற்றில்தான் சுற்றும். மூடியின் நடுத் துளையைத் திறந்து, மிக்ஸி குறைந்த வேகத்தில் ஓட ஓட எண்ணெயை நூல் போல விடுங்கள். 160 மில்லி இறங்க 2 நிமிடம் ஆக வேண்டும். நடுவில் ஜாரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். பாதி எண்ணெய் போனதும் மிக்ஸியின் சத்தம் மாறும்: சலசலப்பு அடங்கி, கனத்த சத்தமாகும். அப்போது பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணெய் முழுக்க இறங்கிய பிறகு எலுமிச்சைச் சாறு விட்டு 5 வினாடி ஓட்டினால், புளிப்புப் பட்டதும் சோயாப் புரதம் இறுகி, கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வரும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் இத்தனை கவனம் தேவையில்லை. உயரமான டம்ளரில் எல்லாவற்றையும் விட்டு, அடியில் வைத்து ஓட்டி மெதுவாக மேலே தூக்கினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

திரிந்து தண்ணீராகிவிட்டால் கொட்டாதீர்கள். சுத்தமான ஜாரில் 2 டேபிள்ஸ்பூன் புதுச் சோயா பால் விட்டு ஓட்டிக்கொண்டே, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். திரும்பக் கூடிவரும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வாசத்தால் எல்லாவற்றையும் மூடிவிடும். தேங்காயெண்ணெய் ஃபிரிட்ஜில் கட்டியாகும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் மிக்ஸி வேகத்தில் கசந்துவிடும். பாதாம் பாலில் புரதம் குறைவு, பிடிக்காது. வெனிலா வாசம் போட்ட சோயா பால் எப்படியோ கைக்கு வந்துவிடும். உறையில் 'அன்ஸ்வீட்டன்டு' என்ற சொல்லைத் தேடி வாங்குங்கள்.

முட்டை மணம் வேண்டுவோர் காலா நமக் எனப்படும் கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். அதிலுள்ள கந்தக வாடைதான் முட்டையை நினைவூட்டுகிறது. நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் சில சமயம் இந்துப்பைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, அதில் இந்த வாடை இருக்காது. முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

இதில் வருவது ஏறத்தாழ 230 கிராம். சாலட்டுக்குப் பாதி போதும். மீதி ஃபிரிட்ஜில் 5, 6 நாள் நிற்கும்.

10. காய், பழம், கொட்டை

செலரி 2 தண்டு. இங்கிலீஷ் காய் விற்கும் கடைகளில் கிடைக்கும். முதுகுப் பக்கத்து நாரை உரித்துவிட்டு அரை செ.மீ. துண்டுகளாக நறுக்கித் துணியில் ஒற்றி எடுங்கள். கிடைக்காவிட்டால் பிஞ்சு நூக்கலைத் தோல் சீவி அதே அளவில் நறுக்குங்கள். செலரி மணம் வராது, கறுக்கென்ற கடி கிடைக்கும். வெள்ளரிக்காய் போட்டே தீருவேன் என்றால் விதையைச் சுரண்டி, உப்புத் தூவி 15 நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

வெங்காயம் கால் கப், பொடியாக. 10 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டு வடித்துப் பிழிந்தால் காரநெடி போகும். விதையில்லாத பச்சைத் திராட்சை ஒரு கைப்பிடி, இரண்டாக வெட்டியது. வால்நட் 30 கிராம். வெறும் வாணலியில் 4 நிமிடம் வறுத்து ஆறவைத்து உடைக்கவும்.

ஆங்கிலக் குறிப்புகளில் 'பிக்கிள்' என்று இருப்பது ஊறுகாய் அல்ல, வினிகரில் ஊறிய கெர்கின். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளைந்து வெளிநாட்டுக்குப் போகிற அதே பிஞ்சு வெள்ளரிதான். பொடியாக நறுக்கி 2 டேபிள்ஸ்பூன். அதற்காக ஒரு பாட்டில் வாங்க மனம் வரவில்லை என்றால் 1 டீஸ்பூன் வினிகர் விட்டால் போதும்.

11. கலப்பது

குளிர்ந்த டோஃபு, 120 கிராம் மயோனைஸ், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன். முதலில் இவற்றை மட்டும் பிசறி, அப்புறம் காய். வால்நட்டைப் பரிமாறும்போது போடுங்கள், முன்பே போட்டால் நமத்துவிடும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே உப்புப் பாருங்கள்; குளிர்ச்சியில் உப்பு அடங்கித் தெரியும், அநேகமாக இன்னொரு சிட்டிகை கேட்கும். மயோனைஸ் போதவில்லை போலத் தோன்றினாலும் அதற்குள் கூட்ட வேண்டாம்.

12. வைத்திருப்பதும் எடுத்துப்போவதும்

மூடிய டப்பாவில், 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே, 3 நாள். முட்டை இல்லையே, வெளியே இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது பச்சை முட்டை மயோனைஸை. இது அந்தத் தடைக்குள் வரவில்லைதான். ஆனால் ஈரமும் புரதமும் நிறைந்த எந்த உணவிலும் கிருமி வளரும். அமெரிக்க வேளாண் துறை இத்தகைய உணவுக்குச் சொல்லும் கணக்கு: வெளியே 2 மணி நேரம், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். நம் ஊருக்குப் பெரும்பாலான மாதங்களில் இரண்டாவது கணக்குத்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனால் ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் ஃபிரிட்ஜ் குளிர் விட்டிருந்தால் மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள்.

கலந்த சாலட்டை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மயோனைஸ் திரியும், செலரி துவளும். பிழிந்த டோஃபுவை மட்டும் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ரொட்டிக்கு நடுவே வைப்பதானால் சாப்பிடும் நேரத்தில் வையுங்கள். ரொட்டியை லேசாகச் சுட்டு, மேலே லெட்யூஸ் இலை ஒன்றைப் பரப்பி, அதன்மேல் சாலட்டை வைத்தால் ஈரம் ரொட்டியில் இறங்காது. இரண்டாம் நாள் டப்பாவின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கிளறாமல் சாய்த்து வடித்துவிட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் மயோனைஸும் சில சொட்டு எலுமிச்சையும் விட்டுப் பிசறிக்கொள்ளுங்கள்.